ஓவியத்தில் இல்லாத பறவை

நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் அருங்காட்சியகத்திலுள்ள ஓர் ஓவியத்தின் பிரதி என்னை ஈர்த்தது. பரீதுத்தீன் அத்தாரின் பாரசீகக் காவியத்துக்காக, 1600ஆம் ஆண்டளவில் ஹபீபுல்லாஹ் வரைந்தது.

அழகிய மயில் இருந்தும், பறவைகளுக்குத் தலைமை பாறையில் நிற்கும் சிறு கொண்டலாத்திதான். நபி சுலைமான் (அலை) அவர்கள் அறியாத செய்தியை ஸபாவிலிருந்து கொண்டுவந்ததாக அல்குர்ஆன் கூறும் அதே ஹுத்ஹுத்!

பறவைகள் தேடுவதோ பாரசீகப் புராணத்து ஸீமுர்க்கை. கடக்கவேண்டிய ஏழு பள்ளத்தாக்குகளில் மூன்றாவது, அறிவு. இறுதியில் போய்ச்சேர்பவை முப்பதே. பாரசீக மொழியில் 'ஸீ முர்க்' என்றால் முப்பது பறவைகள். தேடியவை தம்மையே காண்கின்றன.

ஓவியம் காட்டுவது பயணத்தின் தொடக்கம். ஸீமுர்க் அதில் இல்லை. இல்லையென்று எப்படிச் சொல்வது? பறவைகள்தாம் நிற்கின்றனவே!

பாறைகளுக்கிடையே துப்பாக்கியுடன் ஒருவன். வேட்டையாட வந்தவனா, ஹுத்ஹுத் சொல்வதைக் கேட்க நின்றவனா?