கானகம் காணப் புறப்படுவார்க்கு

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதியில் வழங்கும் சுவாகிலி மொழியில் 'சபாரி' என்னும் சொல் பயணம் என்றே பொருள்படும். அரபு மொழியினின்று அங்குச் சென்ற சொல் அது. பிற்காலத்தில் ஐரோப்பியர் துப்பாக்கியேந்தி வேட்டைக்குப் புறப்பட்ட செலவிற்கு அதனைப் பெயராக்கினர். இன்று துப்பாக்கி நீங்கி, நிழற்படக் கருவி அதனிடத்தைப் பெற்றிருக்கின்றது. விடுமுறை நெருங்குந்தோறும் நம் மாணவர் விடுதியில் இச்சொல் அடிபடக் கேட்கின்றோம். கென்யாவின் மாசாய் மாராவையும் தான்சானியாவின் செரங்கெட்டியையும் திரைப்படங்களிற் கண்டு மகிழ்ந்த நண்பர் பலர், ஒருமுறையேனும் ஆண்டுச் சென்று சிங்கத்தை நேரிற் காணவேண்டும் என்கின்றனர். விருப்பம் நன்றே. ஆயின் அதற்கு வேண்டும் ஆயத்தம் சிறிதன்று. கடவுச்சீட்டு, நுழைவிசைவு, பெரும்பொருள் ஆகியவற்றோடு மஞ்சட் காய்ச்சலுக்குரிய தடுப்பூசியும் பயணத்திற்குப் பத்து நாள் முன்னரே இட்டுக்கொள்ளல் வேண்டும். கென்யா போன்ற நாடுகளிலிருந்து அச்சான்றின்றி மீள்வோரை நம் நாட்டினர் தனியிடத்தில் ஆறு நாள் வரை நிறுத்திவைப்பர். மலேரியாவிற்குரிய தடுப்பு மருந்தையும் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். இவையனைத்தும் இயன்றவர் சென்று வருக. இயலாதார்க்கும், சென்று வந்த பின்னும் காடு காணும் ஆசை தீராதார்க்குமே இக்கட்டுரை.

எம்மூர் தாராபுரம். அதனருகே ஓடும் அமராவதி ஆறு, பண்டைத் தமிழரால் ஆன்பொருநை எனப் பெயர்பெற்றது. ஆனைமலைத் தொடரிற் பிறந்து, உடுமலைக்குத் தெற்கே அணையில் தேங்கி, எம் வயல்களை நனைத்துக் கரூரைக் கடந்து காவிரியொடு கலப்பது. யாம் குடிக்கும் நீர் யானையும் புலியும் குடித்து எஞ்சிய நீர் என்பதனை யான் சிறுவயதில் அறிந்தேனல்லேன். அவ்வியானைகள் வாழும் ஆனைமலை, 1976இல் வனவிலங்குப் புகலிடமாயிற்று. 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. உட்பகுதி மட்டும் ஏறத்தாழ 958 சதுரக் கிலோமீட்டர். அதனுட் செல்ல வழிகள் மூன்று. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக டாப்சிலிப் செல்வது ஒன்று. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டையூசி வளைவுகளை ஏறி வால்பாறை செல்வது மற்றொன்று. உடுமலையிலிருந்து ஒன்பதாறு சோதனைச்சாவடியைக் கடந்து, கேரளத்துச் சின்னாறு வழியாக மூணாறு செல்வது மூன்றாவது. தாராபுரத்தார்க்கு அண்மையது இம்மூன்றாவதே.

டாப்சிலிப் என்னும் ஆங்கிலப் பெயருக்குக் காரணம் வினவுவோர் பலர். சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் அங்குத் தேக்கு மரங்களை வெட்டி, மலையுச்சியினின்று சரிவிற் சறுக்கிவிட்டுச் சமவெளியில் எடுத்துச் சென்றனர். சறுக்கிவிட்ட உச்சியே அப்பெயர் பெற்றது. வெட்டி வெட்டி மொட்டையாகிய அம்மலையில் மீண்டும் தேக்கு வளரச் செய்தவர் ஹியூகோ உட் என்னும் வன அதிகாரி. 1933இல் மறைந்த அவருடைய கல்லறை அவர் வளர்த்த மரங்களின் நடுவே இருக்கின்றது. என் நினைவுச் சின்னத்தைக் காண விரும்பினால் சுற்றுமுற்றும் பார் என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகம் அதன்மேற் பொறிக்கப்பட்டுள்ளது. டாப்சிலிப் செல்வோர் அதனைக் காணாது மீளுதல் கூடாது என்பது என் கருத்து.

இனி, ஆயத்தத்திற்கு வருவோம். செரங்கெட்டி பெரும்பாலும் புல்வெளி. பத்து லட்சத்திற்கு மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் விலங்குகள் ஆண்டுதோறும் திரள்திரளாக இடம் பெயர்வதனை ஆண்டுக் கண்ணாற் காணலாம். நம் ஆனைமலையோ மரமும் மூங்கிலும் உண்ணிச்செடிப் புதரும் செறிந்தது. பத்தடிக்கு அப்பால் நிற்கும் யானையும் அங்குத் தோன்றாது. ஆகவே ஆப்பிரிக்கப் பயணத்திற்குக் கண்ணை ஆயத்தம் செய்தாற் போதும். ஆனைமலைப் பயணத்திற்குச் செவியையும் மூக்கையும் ஆயத்தம் செய்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுமைக்கும் உள்ள புலிகள் 306. ஒருநாட் பயணத்திற் புலியைக் காண்பேன் என்று சூளுரைத்துச் செல்வோர் முகம் வாடித் திரும்புதல் இயல்பே.

செவியை ஆயத்தம் செய்தல் எவ்வாறு? புலியோ சிறுத்தையோ நடமாடுங்கால் அதனை முதலில் அறிந்து அறிவிப்பவை பிற உயிர்கள். மரத்தின் மேலிருக்கும் கருமந்தி அடித்தொண்டையிற் குரலெழுப்பும். புள்ளிமான் கூரிய சீழ்க்கை போலக் கூவும். கடமான் ஊதுகுழல் ஒலித்தாற்போல ஒருமுறை முழங்கி, காலை நிலத்தில் ஓங்கி மிதிக்கும். கடமானின் குரல் மீண்டும் மீண்டும் எழுமாயின் அதனைப் பெரிதும் நம்பலாம் என்பர் காட்டையறிந்தோர். புள்ளிமான் சிறு அசைவிற்கும் அஞ்சிக் கூவிவிடும். இவ்வொலிகளைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் இணையத்திற் கிடைக்கின்றன. புறப்படுமுன் ஒரு வாரம் இவற்றைக் கேட்டுப் பழகியவர்க்குக் காடு திறந்த புத்தகமாம். பழகாதார்க்கு அது வெறும் பச்சை நிறமே. மூக்கின் செய்தியும் அத்தகையதே. யானை அண்மையில் நின்றதாயின் மாட்டுத் தொழுவத்தையும் பிழிந்த தழையையும் ஒருங்கே நினைப்பூட்டும் ஒரு வாடை காற்றில் வரும்.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இத்துறையில் ஒரு வழிகாட்டி நூல் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவது. தேர்வுக்காக அதனைப் படிப்போர் உவமைகளைக் குறித்துக்கொண்டு அமைவர். யானோ அதனை மலைப்பயண ஆயத்த நூலாகவே படித்தேன். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ளன, பாம்பு உறையும் குழிகள் உள்ளன, யானையை ஓட்டத் தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும், வழுக்குநிலம் உண்டு என்று அப்புலவர் ஒவ்வொன்றாக எச்சரிக்கின்றார். மலையின் அழகினைப் பாடியவர் அதன் இடர்களையும் மறைத்தாரல்லர். இக்காலப் பயண விளம்பரங்கள் எழுதுவோர் அவரிடம் சிறிது கற்றுக்கொள்ளலாம்.

உடையைப் பற்றி யான் கூறத் தகுதியுடையேன்; என் முதற்பயணத்தில் உடையால் நாணமுற்றவன் யானே. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாமன் குடும்பத்தாரோடு டாப்சிலிப் சென்றோம். பண்டிகைக்கு எடுத்த செந்நிறச் சட்டையை அணிந்து, தலைக்கு வாசனைத் தைலமும் பூசிக்கொண்டேன். தங்கையின் கூந்தலிலோ இரண்டு முழம் மல்லிகை. வனத்துறையார் அமைத்த நடைப்பயணத்தில் எமக்கு வழிகாட்டியாக வந்தவர் மலசர் குலத்து முதியவர் ஒருவர். எம்மைக் கண்டதும் சிரித்தாரேயன்றி ஒன்றும் கூறவில்லை. சோலையுட் சிறிது தூரம் சென்றதும் அவர் நின்று கையுயர்த்தி, "ஆனை கிட்ட இருக்குதுங்க, பேசாம நில்லுங்க" என்றார். எமக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றுச் செல்லும் திசையைப் பார்த்தார். காற்று எம்மிடமிருந்து மூங்கிற்புதரை நோக்கிச் சென்றது. எம் தைலமும் மல்லிகையும் அதனோடு சென்றன. புதருள் மூங்கில் முறியும் ஓசை நின்றது. உடனே எம்மைப் பின்னோக்கி நடத்தி, வேறு வழியில் அழைத்துச் சென்றார். யானையைக் கண்டோமில்லை, யானை எம்மை நன்கு அறிந்துகொண்டது. அன்று அவர் இல்லையாயின் என்னவாகியிருக்கும் என்பதனை இன்றும் நினைத்துப் பார்க்க அஞ்சுகின்றேன்.

ஆகவே, காய்ந்த புல்லின் நிறமோ, மங்கிய பச்சையோ, காக்கியோ அணிக. கை முழுதும் மூடிய சட்டை நன்று. நறுமணப் பொருள் யாவும் வீட்டிலேயே இருக்கட்டும். நிழற்படக் கருவியின் மின்வெளிச்சத்தை அணைத்துவிடுக. கைப்பேசியின் மணியையும் அவ்வாறே. பணம் செலவிடக் கூடுமாயின் விலையுயர்ந்த நிழற்படக் கருவியினும் ஒரு நல்ல இருகண் தொலைநோக்கி வாங்குதல் மேல். தண்ணீருக்கு உலோகக் குப்பி கொள்க. பிளாஸ்டிக் பொருள்களைச் சோதனைச்சாவடியிலேயே தடுத்துவிடுவர்.

மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் செல்வோர் அட்டைக்கு அஞ்சுவர். அட்டை நோவின்றிக் கடிக்கும். குருதி உறையாதிருக்கச் செய்யும் ஒரு பொருளைத் தன் உமிழ்நீரில் விடுதலால், அது விழுந்த பின்னும் சிறிது நேரம் குருதி கசியும். அது கண்டு மயங்கி விழவேண்டுவதில்லை. கடிவாயைக் கழுவித் தூய துணியால் அழுத்திப் பிடித்தாற் போதும். முழங்கால் வரை இறுக்கிக் கட்டும் துணியுறைகள் அதனைத் தடுக்கும். உண்ணியே அட்டையினும் கருதத்தக்கது. திரும்பிய சில நாளில் காய்ச்சல் கண்டால், காட்டிற்குச் சென்றிருந்த செய்தியை மருத்துவரிடம் முதலிற் கூறுக.

உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் தோட்டம் செய்யும் என் அப்புச்சியிடம் யான் யானை காணச் சென்ற கதையைச் சொன்னபோது, "ஏங்கண்ணு, காசு குடுத்துப் போயி ஆனையப் பாக்கோணுமா? வெள்ளாமை வெளையற மாசத்துல இங்க வந்து படுத்துக்க, அதுவே வரும்" என்றார். நகைச்சுவையாகக் கூறினாரேனும் அதனுள் வருத்தமும் இருந்தது. நமக்குக் காட்சியாகும் யானை அவர்க்கு ஓரிரவில் அழியும் தென்னங்கன்றுகளாம். கோடையில் யானைக்கூட்டங்கள் அமராவதி அணையின் நீர்ப்பரப்பை நாடி மூணாறு சாலையைக் கடக்கும். அப்போது வண்டியை நிறுத்தி இறங்குதலும், ஒலிப்பான் ஊதுதலும், குட்டியை நிழற்படம் எடுக்க நெருங்குதலும் பேதைமை. யானை மிரண்டு நின்ற பின் அவ்வழியே மிதிவண்டியில் வரும் கூலித் தொழிலாளியே அதன் சினத்திற்கு ஆளாவான். நாமோ அதற்குள் மூணாறு சேர்ந்திருப்போம். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களின் நடுவே யானையும் மனிதரும் ஒருங்கு வாழ்கின்றனர். ஆண்டு யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிச் செய்தியால் அறிவிக்கும் முறை ஒன்றுண்டு. அண்மையில் யானை உளதாயின் உயர்ந்த கம்பங்களிற் சிவப்பு விளக்கு எரியும். அவ்விளக்கைக் கண்டும் வண்டியைச் செலுத்தும் பயணிகள் உளர் என்பது வருந்தத்தக்கது. அவ்வூர்ச் சாலையோரத்தில் வந்து நிற்கும் சிங்கவாற் குரங்கிற்கு நொறுக்குத்தீனி எறிவோரும் அத்தகையோரே. தீனிக்காக நிலத்திலிறங்கப் பழகிய குரங்கு வண்டிச் சக்கரத்தில் மாய்கின்றது. அவை சாலையைக் கடக்க அன்பர் சிலர் மரத்திற்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியிருக்கின்றனர்.

பருவம் பற்றியும் ஒரு சொல். கோடையில் விலங்குகள் நீர்நிலைகளிற் கூடுதலால் அவற்றைக் காணுதல் எளிது. ஆயின் அக்காலத்தில் தீயச்சம் கருதிக் காட்டை மூடிவிடுதலும் உண்டு. விடுதியில் இதனைக் குறைகூறிப் பேசுவோரை யான் கேட்டிருக்கின்றேன். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நிகழ்ந்ததனை அவர்கள் மறந்தனர் போலும். உலர்ந்த புல்லிற் பற்றிய தீ மலையேறச் சென்றோரைச் சூழ்ந்துகொண்டது. இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் நம் கொங்கு நாட்டு இளைஞரும் இருந்தனர். புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் விரைவு மனிதன் ஓடும் விரைவினும் மிக்கது. எனவே வனத்துறையின் இசைவின்றியும் வழிகாட்டியின்றியும் ஓரடியும் எடுத்துவையாதிருத்தல் ஆயத்தங்களுள் முதலாவது. 2024இல் அரசினர் நாற்பது மலைநடைத் தடங்களை வரையறுத்து, இணையத்தின்வழி முன்பதிவு செய்யும் வசதியை ஏற்படுத்தியுள்ளனர். பெற்றோரிடம் பொய் கூறிச் செல்லவேண்டிய தேவையும் இதனால் நீங்கிற்று!

கடைசியாக ஒரு குறிப்பேடு. விவிலியத்தில் யோபின் ஆகமம் 39ஆம் அதிகாரத் தொடக்கத்தில் வரையாடு என்னும் சொல் வருகின்றது. ஞாயிற்றுப் பள்ளியில் அதனைப் படித்த காலத்து, உடலிற் கோடு வரைந்த ஆடு போலும் என்று எண்ணியிருந்தேன். வரை என்பது மலை என அறிந்தது கல்லூரிக்கு வந்த பின்னரே. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வாழாத நம் வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. இரண்டாம் பயணத்தில் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் வழியில், பேருந்தின் சன்னலுக்கு வெளியே, செங்குத்தான பாறையில் தாயும் குட்டியுமாய் அதனைக் கண்டேன். அன்று என் குறிப்பேட்டில் எழுதியவை இவை: வரையாடு இரண்டு, மலையணில் ஒன்று, இருவாய்ச்சிப் பறவையின் சிறகொலி, பறவை தோன்றவில்லை, கடமான் குரல் இருமுறை, யானை இலத்தி, புதிது, சூடு ஆறவில்லை, புலி இல்லை.