ஒரு பாண் துண்டின் விலை என்ன?



பத்து வருடங்கள் பழைமையான பாண் துண்டு ஒன்றை எவராவது உங்களிடம் விற்க வந்தால் என்ன விலை கொடுப்பீர்கள்? அதுவும் ஏற்கெனவே ஒரு வாய் கடிக்கப்பட்ட துண்டு! ஒரு சதமேனும் கொடுக்கமாட்டோம் என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். ஆனால், 2004ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அத்தகைய துண்டு ஒன்று 28,000 அமெரிக்க டொலருக்கு விலைபோனது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், 1994இல் சீஸ் வைத்து வாட்டிய சான்ட்விச் ஒன்றைக் கடித்தபோது, அதன் கருகிய பக்கத்தில் அன்னை மரியாளின் முகம் தம்மை நோக்குவதாகக் கண்டாராம். அதை உண்ண மனமில்லாமல், பஞ்சு வைத்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் பத்தாண்டுகள் பேணி வைத்திருந்தார். அதில் பூஞ்சணம் பிடிக்கவே இல்லை என்றும், அது தம்மிடம் இருந்த காலத்தில் சூதாட்ட விடுதியில் 70,000 டொலர் வென்றதாகவும் அவர் கூறினார். பின்னர் ‘ஈபே’ இணையத்தள ஏலத்தில் அதை விற்பனைக்கு வைத்தார். கேலிக்காகச் செய்யப்பட்டது என எண்ணிய நிறுவனம் முதலில் அதை நீக்கியது, பின்னர் அனுமதித்தது. அந்த ஏலப் பக்கம் 17 இலட்சம் தடவைகளுக்கு மேல் பார்வையிடப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன.

அவ்வளவு பணம் கொடுத்து அதை வாங்கியவர் யார்? பக்தர் ஒருவரா? ஆலயம் ஒன்றா? இல்லை. ‘கோல்டன் பலஸ்’ என்னும் இணையச் சூதாட்ட நிறுவனமே அதை வாங்கியது. அன்னையின் மீது கொண்ட பக்தியினால் அல்ல, உலகப் பத்திரிகைகளில் தன் பெயர் வரவேண்டும் என்பதற்காகவே வாங்கியது.

இத்தகைய விலைகள் எவ்வாறு உருவாகின்றன? 1995இல் பியர் ஒமிடியார் என்பவர் இந்த ஏலத்தளத்தைத் தொடங்கியபோது அதில் முதலில் விலைபோனது, பழுதடைந்த லேசர் ஒளிகாட்டி ஒன்று. விலை 14.83 டொலர். அது வேலை செய்யாது என்பது தெரியுமா என ஒமிடியார் விசாரித்தபோது, பழுதடைந்த ஒளிகாட்டிகளைச் சேகரிப்பதே தமது வழக்கம் என்று வாங்கியவர் பதிலளித்தாராம். ஒருவர் எறிந்துவிடும் பொருளை இன்னொருவர் தேடிக்கொண்டிருக்கிறார். இணையம் இருவரையும் சந்திக்க வைக்கிறது.

ஏலத்தின் முறையும் கவனிக்கத்தக்கது. பங்குபற்றுபவர் தாம் கொடுக்கத் தயாரான உச்சத்தொகையை இரகசியமாகப் பதிவுசெய்யலாம். எதிராளி கூட்டிக் கேட்கும்போதெல்லாம் கணினியே அவர் சார்பில் சிறிது சிறிதாக ஏற்றிக் கேட்கும். ஆகவே, ஒரு பொருளை இலட்சம் பேர் அலட்சியம் செய்தாலும், இருவர் பிடிவாதமாக விரும்பினால் போதும். விலை வானத்தை எட்டிவிடும். “எனக்கு இது வேண்டும்” என்று தொடங்கும் எண்ணம், “அவனுக்கு இது போகக்கூடாது” என்று மாறிவிடுகிறது. ஏலத்தில் வென்றபின் மனம் கசப்பது இதனாலேயே.

2005ஆம் ஆண்டு மே மாதம், பதினாறாம் ஆசீர்வாதப்பர் பாப்பரசராகத் தெரிவாகிச் சில வாரங்களே ஆன நிலையில், அவர் கர்தினாலாக இருந்தபோது அவர் பெயரில் பதியப்பட்டிருந்த வொக்ஸ்வாகன் கோல்ஃப் கார் ஒன்று ஜேர்மனியில் ஏலத்துக்கு வந்தது. சுமார் 9,500 யூரோவுக்கு வாங்கப்பட்டிருந்த அக்கார் 188,938.88 யூரோவுக்கு விலைபோனது. வாங்கியது அதே சூதாட்ட நிறுவனம். 2008இல் இலினோய் மாநிலத்தின் வடிவில் அமைந்த ஒற்றைச் சோளச் சீவல் (கோர்ன் ஃபிளேக்) 1,350 டொலர் பெற்றது. 2021இல் கணினி விளையாட்டுப் பாத்திரம் ஒன்றின் உருவில் இருந்த பொரித்த கோழித்துண்டு ஒன்றுக்கான ஏலம் 99,997 டொலரில் முடிந்தது.

சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால், சிரிக்க முடியாத நிகழ்வு ஒன்றும் உண்டு. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலமான 2005 ஏப்ரல் மாதத்திலேயே, வசீகரிக்கப்பட்ட நற்கருணை அப்பம் ஒன்று இதே தளத்தில் ஏலத்துக்கு வந்தது. கத்தோலிக்கர்கள் வேதனையோடு எதிர்ப்புத் தெரிவித்தனர். இறுதியில் அது திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. நற்கருணை விற்பனையை இனி அனுமதிப்பதில்லை என நிறுவனமும் முடிவுசெய்தது. புனித பண்டங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 1190ஆம் விதி முற்றாகத் தடைசெய்கிறது. விலை குறைந்தவை என்பதால் அல்ல, விலை என்ற அளவுகோலுக்கே உட்படாதவை என்பதால்.

அப்படியானால், மிகையான விலை கொடுப்பது எப்போதும் மடமையா? அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம். எமது ஆலயங்களின் அறுவடைப் பண்டிகை ஏலத்தை நினைத்துப் பாருங்கள். சந்தையில் சிறு தொகைக்குக் கிடைக்கும் பூசணிக்காயை அதன் பலமடங்கு விலைக்கு ஒருவர் கேட்டு எடுக்கிறார். அவர் கணக்குத் தெரியாதவர் அல்லர். பூசணிக்காயின் பெயரில் காணிக்கை செலுத்துகிறார் என்பது அங்குள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும்.

பெத்தானியாவில் ஒரு பெண் முந்நூறு தெனாரியம் பெறுமதியான நறுமணத் தைலத்தை இயேசுவின்மீது ஊற்றியபோது, அது வீண்செலவு என்று முணுமுணுத்தார்கள். அவ்வாறு கேட்டவன் யூதாசு என்கிறார் யோவான். தைலத்தின் விலையைத் துல்லியமாக மதிப்பிடத் தெரிந்த அவனே, தன் ஆண்டவரை முப்பது வெள்ளிக்காசுகளுக்கு மதிப்பிட்டான். எல்லாவற்றின் விலையையும் அறிந்திருந்தான். எதன் மதிப்பையும் அவன் அறியவில்லை.

நிறைவாக இன்னொரு ஏலம். 2004 டிசம்பரில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த தாய் ஒருவர், இறந்துபோன தம் தந்தையின் கைத்தடியை ஏலத்துக்கு வைத்தார். தாத்தாவின் ஆவி வீட்டில் உலாவுகிறது என்று அவருடைய சிறிய மகன் பயந்துகொண்டிருந்தான். தடி போனால் பயமும் போகும் என அத்தாய் நம்பினார். வாங்குபவரிடம் அவர் கேட்டது ஒன்றே: தடி வந்து சேர்ந்துவிட்டது என்று மகனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அத்தடி 65,000 டொலருக்கு விலைபோனது. அதையும் அச்சூதாட்ட நிறுவனமே வாங்கியது.

அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது ஒரு கடிதம். அதாவது, யாரோ ஒருவருடைய ஆறுதல் வார்த்தை. ஒரு முத்திரையின் செலவில் எவரும் அதைக் கொடுத்திருக்கலாம். எமது வீடுகளிலும், அயலிலும் இரவில் பயந்து விழித்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தனித்துப்போன முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஏலம் கேட்க எவரும் வருவதில்லை. போட்டியும் இல்லை, விளம்பரமும் இல்லை.

விலையுயர்ந்த முத்தைக் கண்ட வணிகன் தனக்குண்டான யாவற்றையும் விற்று அதை வாங்கினான் என்று இயேசு சொன்ன உவமையை நாம் அறிவோம். அவனையும் பார்த்து அயலவர்கள் சிரித்திருக்கக்கூடும். ஆகவே, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையே இவ்வாரம் எம்மை நாமே கேட்டுப்பார்ப்போம்.