தாப்பாவிலிருந்து மிருகக்காட்சிசாலைக்கு: தைப்பிங்கா, தலைநகரா?

தாப்பா – பள்ளி விடுமுறை தொடங்கியதும் வீட்டில் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “எங்கே போகிறோம்?” என்பதுதான். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியும் கேமரன் மலையும் தாப்பா மக்களுக்குப் பழகிய இடங்கள். புலியையும் யானையையும் பார்க்கக் கொஞ்சம் தூரம் போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறைதான் குடும்பத்தோடு வெளியே போக முடிகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் வீணாகிவிடக் கூடாது.

இரண்டு வழிகள் உள்ளன. வடக்கே சுமார் 130 கிலோமீட்டரில் தைப்பிங் மிருகக்காட்சிசாலை. தெற்கே சுமார் 150 கிலோமீட்டரில், கோலாலம்பூரை ஒட்டிய உலு கிள்ளானில் ஸூ நெகாரா எனப்படும் தேசிய மிருகக்காட்சிசாலை. தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. யாரெல்லாம் வருகிறார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தாத்தா பாட்டி உடன் வந்தால் தைப்பிங் வசதியானது. 1961-இல் தொடங்கப்பட்ட இந்த மிருகக்காட்சிசாலை, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் ஏரிப் பூங்காவாக மாறிய இடத்தில் அமைந்துள்ளது. பெரிய மரங்களின் நிழல் உண்டு. பரப்பு ஏறக்குறைய 34 ஏக்கர்தான். போகும் வழியில் மெனோரா சுரங்கப்பாதையைக் கடப்பதே சிறு பிள்ளைகளுக்கு ஒரு குதூகலம். ஆனால் தைப்பிங் மழைக்குப் பெயர்போன ஊர். பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை பிடிக்கும் என்பதால் காலையிலேயே சுற்றி முடிப்பது நல்லது. குடையும் மாற்று உடையும் அவசியம்.

மீன்களையும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ஸூ நெகாரா பொருத்தம். 1963-இல் திறக்கப்பட்ட அதன் வளாகத்திலேயே துங்கு அப்துல் ரஹ்மான் மீன்காட்சியகம் இருக்கிறது. ஆனால் மொத்தப் பரப்பு 110 ஏக்கர், அதாவது தைப்பிங்கைப்போல் மூன்று மடங்கு. முட்டி வலி உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும். டிராம் வண்டி ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

கேஎல்சிசி-யில் உள்ள அக்குவாரியா மீன்காட்சியகத்தின் 90 மீட்டர் சுரங்கப் பாதையில் சுறாக்கள் தலைக்கு மேலே நீந்துவதைப் பார்க்கலாம். ஆனால் அதையும் ஸூ நெகாராவையும் ஒரே நாளில் சேர்த்தால் பிள்ளைகள் களைத்துப்போவார்கள், செலவும் இரட்டிப்பாகும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

கார் இல்லாதவர்கள் தாப்பா ரோடு நிலையத்தில் இடிஎஸ் இரயில் ஏறலாம். கேஎல் சென்ட்ரலில் இறங்கி எல்ஆர்டி-யில் வங்சா மாஜு வரை சென்றால், அங்கிருந்து கிராப் வண்டியில் ஸூ நெகாராவுக்குச் சிறிது தூரம்தான். விடுமுறைக் காலத்தில் இரயில் டிக்கெட் விரைவில் தீர்ந்துவிடும். முன்பதிவு முக்கியம்.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை:

• மலேசியர்களுக்கான கட்டணச் சலுகைக்குப் பெரியவர்களின் மைகாட், பிள்ளைகளின் மைகிட் இரண்டையும் கொண்டு செல்லுங்கள்.

• கட்டணமும் திறந்திருக்கும் நேரமும் மாறக்கூடியவை. அதிகாரப்பூர்வ அகப்பக்கத்தில் ஒரு முறை சரிபாருங்கள்.

• காலை ஆறரைக்குள் கிளம்புங்கள். வெயில் ஏறிவிட்டால் பல விலங்குகள் நிழலில் படுத்துவிடும்.

• புளிச்சோறோ நாசி லெமாக்கோ வீட்டிலேயே கட்டிக்கொண்டால் பணம் மிச்சம். அதை விலங்குகளுக்குப் போடக் கூடாது.

• 2014-இல் ஸூ நெகாராவுக்கு வந்த பாண்டா ஜோடி 2025 மே மாதம் சீனாவுக்குத் திரும்பிவிட்டது. பாண்டாவை எதிர்பார்க்கும் பிள்ளைகளிடம், தற்போதைய நிலவரத்தை அறிந்து முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கே சென்றாலும் மலாயாப் புலியின் கூண்டருகே கொஞ்சம் நேரம் நில்லுங்கள். நமது தேசியச் சின்னத்தைத் தாங்கி நிற்கும் இந்தப் புலிகள் காட்டில் 150-க்கும் குறைவாகவே உள்ளன என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு தெரிவித்தது.

விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனபோது புலித்தடம் பார்த்த கதை, தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டிகள் பலரிடம் இருக்கும். அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. முடிந்தால் அவர்களை வீட்டில் விட்டுவிடாமல் அழைத்துச் செல்லுங்கள்.