ஓட்டையை அடைக்க 59 நாட்கள்

'பாதுகாப்புத் திருத்தம் வந்துள்ளது' என்று கணிப்பொறித் திரையில் தோன்றினால், 'பிறகு' என்று தள்ளிவிடுகிறீர்கள் அல்லவா? நானும் அப்படிச் செய்தவன்தான்.

விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் நிரலில் ஒரு பிழை இருந்தது. வந்து சேரும் ஒரு பட்டியலின் நீளம் 32 பிட் எண். அதைத் திருத்தும்போது கீழ் 16 பிட்டுகளை மட்டுமே நிரல் மாற்றியது. மேற்பாதியில் பழைய எண்ணே தங்கிவிட்டது. ஆகவே நீளம் உண்மையைவிடப் பெரிதாயிற்று. படி கொள்ளும் பாத்திரத்தில் மரக்கால் பாலை ஊற்றினால் என்ன ஆகும்? செய்தி வழிந்து, பக்கத்து நினைவகத்தில் ஏறியது. அங்கே அந்நியர் தம் கட்டளைகளை நுழைத்துவிடலாம்!

மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14ஆம் நாளே திருத்தம் வெளியிட்டது. இதைத் தாக்கும் கருவியோ ஏப்ரலில் இணையத்தில் கசிந்தது. மே 12ஆம் நாள் 'வான்னாக்ரை' என்னும் நச்சுநிரல், எவரும் எதையும் அழுத்தாமலே, திருத்தப்படாத கணிப்பொறிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகளில் பாதிப்பு. இங்கிலாந்தில் சில மருத்துவமனைகள் அவசர நோயாளிகளை வேறிடம் அனுப்ப நேர்ந்தது.

திருத்தம் வந்தபின் தாமதித்தால் ஆபத்து கூடுகிறது. பழைய நிரலையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு ஓட்டை இருந்த இடம் புலப்பட்டுவிடும்.

நிறுவியபின் கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கச் சொல்கிறதே, ஏன்? அதுவரை நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய நிரல்தான்.