பழைய கேமுக்கு ஒரு துபாஷி

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ வந்தது 1999-இல். அந்த சிடியை விண்டோஸ் 7 கணினியில் போட்டு விளையாடியவர்களுக்கு ஒரு விசித்திரம் நினைவிருக்கும். புல்வெளி சிவந்து, தண்ணீர் ஊதாவாகி நிற்கும். கேம் நம்பியிருந்தது 256 நிறங்களை மட்டுமே. அந்த வண்ணப் பட்டியலில் விண்டோஸின் எக்ஸ்ப்ளோரர் கைவைத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்தினால்தான் புல் பச்சையாகும்.

இப்படிச் சொந்த வீட்டிலேயே அந்நியப்பட்டுப்போன பல கேம்கள், இன்று லினக்ஸில் இயங்கும் ‘ஸ்டீம் டெக்’ என்ற கையடக்கக் கருவியில் ஓடுகின்றன. வால்வ் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட கருவி இது. விண்டோஸே இல்லாத இடத்தில் விண்டோஸ் கேம் எப்படி ஓடுகிறது?

எமுலேட்டரா இது?

இல்லை. டாஸ் காலத்து கேம்களுக்கு உதவும் ‘டாஸ்பாக்ஸ்’தான் எமுலேட்டர். பழைய பிராசஸர், சவுண்ட் கார்டு என்று ஒரு முழுக் கணினியையே மென்பொருளால் கட்டித் தரும். 1993-இல் தொடங்கிய ‘வைன்’ வேறு வகை. அது ஒரு துபாஷி.

ஸ்டீம் டெக்கின் பிராசஸரும் சாதாரணக் கணினியில் உள்ள இனம்தான். அதனால் கேமின் கட்டளைகள் அதில் நேரடியாகவே ஓடும். “இந்தக் கோப்பைத் திற”, “ஒலியை எழுப்பு” என்று இயங்குதளத்திடம் கேட்கும் இடங்களில் மட்டும் வைன் குறுக்கே நின்று, விண்டோஸ் மொழிக் கோரிக்கையை லினக்ஸுக்குப் புரியவைக்கிறது. வைனை அடிப்படையாக வைத்து 2018-இல் வால்வ் வெளியிட்டதே ‘புரோட்டான்’. அதிலுள்ள டிஎக்ஸ்விகே, விண்டோஸின் ‘டைரக்ட் 3டி’ வரைகலைக் கட்டளைகளை, லினக்ஸிலும் செல்லுபடியாகும் ‘வல்கன்’ என்ற வரைகலை மொழிக்கு மாற்றுகிறது.

விண்டோஸில் என்ன சிக்கல்?

64 பிட் விண்டோஸ், 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. விண்டோஸ் 11-க்கோ 64 பிட்டைத் தவிர வேறு பதிப்பே கிடையாது. 1990-களில் கேம் 32 பிட்டாக இருந்தாலும் அதை நிறுவும் நிரல் 16 பிட்டாக இருப்பதுண்டு, வாசலிலேயே தடை. வைன் அதையும் உள்ளே விடும்.

கையில் எடுத்தால்?

கேமை நிறுவும் நிரலை, வால்வின் கேம் தளமான ஸ்டீமின் பட்டியலில் சேர்த்து, புரோட்டானைத் தேர்ந்து ஓட்ட வேண்டும். நிறுவியதும், ஒளிந்திருக்கும் ஒரு போலி ‘சி டிரைவ்’ கோப்புறைக்குள் போய் உண்மையான கேம் கோப்பைத் தேடி, அதே பதிவில் அதன் முகவரியை மாற்றித் தர வேண்டும். பொறுமை கேட்கும் வேலை.

அடுத்தது திரை. முதல் மாடலின் 7 அங்குலத் திரையில் 1280×800 பிக்சல்கள். 800×600 அளவு கேமை விகிதம் குலையாமல் பெரிதாக்கினால் இரு ஓரமும் கறுப்புப் பட்டை விழும். இழுத்து நிரப்பினால் குதிரை வீரர்கள் குண்டாகிவிடுவார்கள்.

மவுஸுக்கு வலப்புறத் தொடுபலகை இருக்கிறது. கீபோர்டுதான் இல்லை. சும்மா நிற்கும் கிராமவாசியைத் தேடித் தரும் முற்றுப்புள்ளி விசையைப் பின்புற பட்டனில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

எல்லாம் ஓடுமா?

ஓடாது. அசல் சிடி கேட்கும் பூட்டுகள் இங்கும் மல்லுக்கு நிற்கும். இணைய ஆட்டத்துக்கு கேம்ஸ்பையை நம்பியிருந்தவை, 2014-இல் அச்சேவை மூடப்பட்டதும் கூட்டாளிகளை இழந்தன. சர்வரே இல்லையென்றால் துபாஷி யாரிடம் பேசுவார்?

ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனி சி டிரைவ் என்பதால், ஒன்றிடம் “நான் எக்ஸ்பி” என்றும் இன்னொன்றிடம் “நான் விண்டோஸ் 7” என்றும் வைனைச் சொல்லவைக்கலாம். கேட்ட பெயரைச் சொன்னால் போதும், பழைய கேம் சந்தேகப்படாமல் எழுந்து வரும்.