பாலர் படநூலும் கதைத் தொடர்ச்சியும்

படநூல் பாலருக்குச் சொற்களைக் கற்பிக்கும் என்பது பழைய கருத்து. 1658இல் நூரென்பேர்க் நகரில் கொமேனியஸ் வெளியிட்ட இலத்தீன்–ஜேர்மன் படநூலில், படத்திலுள்ள பொருள்களுக்கு இலக்கமிட்டு அவற்றின் பெயர்கள் தரப்பட்டன. பொருளறியாது சொல்லை மனனஞ் செய்வித்த கல்விமுறைக்கு எதிராக அது முற்போக்கானதே. ஆயினும் படத்தைச் சுட்டி ‘இது என்ன?’ என்று வினவுவதோடு அமையும் ஆசிரியர் இன்றும் அங்கேயே நிற்கிறார். பெயர்ச்சொற்கள் திரளும், அவற்றிடையேயான உறவு புலப்படாது.

1968இல் ஆங்கிலச் சித்திரக் கலைஞரான பற் ஹச்சின்ஸ் வெளியிட்ட ‘றோசியின் உலா’ இதற்கு மறுதலையானது. நூல் முழுவதும் ஒரே வாக்கியம். 32 ஆங்கிலச் சொற்கள். கோழியொன்று முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வேறு சில இடங்களினூடாக வீடு திரும்புகிறது என்பதற்கு மேல் எழுத்து எதுவுங் கூறவில்லை. அதனைப் பின்தொடரும் நரியோ படத்தில் மட்டுமே உண்டு. அது பாய்கிறது, விழுகிறது, மாவில் மூழ்குகிறது. அவ்வினைகளுக்குச் சொல் தேடவேண்டியவர் வாசிக்கும் பாலரே.

இங்கு வரிசை இருவகைப்படுவதை நாம் கவனித்தல் வேண்டும். படங்களை அட்டைகளாக்கிக் கலைத்துக் கொடுத்தால், குளமும் வைக்கோற்போரும் இடம் மாறினும் கதை பெரிதுங் கெடாது. அவற்றை இணைப்பது ‘பின்னர்’ என்ற உறவே. ஆனால் நரி வண்டிக்குள் விழுவதும், வண்டி உருண்டு தேனீப் பெட்டிகளில் மோதுவதும், தேனீக்கள் துரத்துவதும் இடம் மாறமாட்டா. அங்குள்ளது ‘அதனால்’ என்ற உறவு. ஏன் இவ்வாறு அடுக்கினாய் என்று வினவும்போதே மாணவர் காரணகாரியத்தை மொழியாற் பற்றிக்கொள்கின்றனர்.

தமிழ் இதற்குப் பெரிதும் இடந்தருகிறது. விழுந்து, எழுந்து, ஓடி எனச் செல்லும் வினையெச்சம் நிகழ்வு வரிசையைத் தானே தாங்குகிறது. ‘விழுந்ததனால்’ என மாற்றியதும் வரிசை காரணமாகிவிடுகிறது. இலக்கணப் பெயர் எதுவுங் கூறாமலே இவ்வேறுபாட்டை ஆறு வயதினருக்கு உணர்த்தலாம். சொல்லின் பொருள் குழந்தையிடத்தே படிப்படியாக வளர்ச்சியுறுவது என்று வைகொட்ஸ்கி தமது 1934ஆம் ஆண்டு நூலில் வாதித்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது.

நூல்களற்ற வீடுகளிலிருந்து வரும் பாலரைச் ‘சொல்வளம் குன்றியோர்’ என ஒதுக்குவோர் உளர். பெயர்ப்பட்டியலே அளவுகோலாயின் அம்முடிவே கிட்டும். ஆனால் வயலிலும் கடற்கரையிலும் பெற்றோரின் உழைப்போடு வளர்ந்த பிள்ளை இழுத்தல், இறைத்தல், முடிதல், அவிழ்த்தல் முதலிய வினைகளில் வறுமையுற்றதன்று. எழுத்தை மறைத்து, நரியின் கதையை முதலில் அப்பிள்ளையிடமே கேட்பது தக்கதென நாம் கருதுகிறோம். அச்சிட்ட வாக்கியம் அதன் பின்னர் வரட்டும். நூல் வாங்க இயலாத பள்ளிக்குப் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் வரைந்த ஆறு படங்கள் போதும்.