பின்தங்கியதா? பிற்படுத்தப்பட்டதா?

ஆங்கிலத்தில் 'பேக்வேர்டு' என்றொரு பெயரடை உண்டு. பெயருக்கு முன்னால் வந்து நிற்கும் சின்னஞ்சிறு சொல். பாடம் ஏறாத பையனா? பேக்வேர்டு! சாலை இல்லாத ஊரா? பேக்வேர்டு! நாம் பள்ளியில் படித்த நாளில் நமது காதுபட இந்தச் சொல்லை வீசியவர்கள் உண்டு. அந்தக் கதை கிடக்கட்டும்.

1951இல் அந்தச் சொல் அரசியல் சட்டத்தில் மேலும் ஓரிடத்தில் ஏறிற்று. வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்சநீதிமன்றம் கூற, தமிழகம் கொதித்தெழ, பெரியார் போர்க்கொடி உயர்த்த, முதல் திருத்தம் வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் 'பேக்வேர்டு' ஆன வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்றது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'பின்தங்கிய' என்றால், கூட நடந்தவன் தானாகவே கால் ஓய்ந்து நின்றுவிட்டான் என்றாகிறது. குற்றம் அவன் தலையில்! 'பிற்பட்ட' என்றாலும் அதே கதைதான். 'பிற்படுத்தப்பட்ட' என்று சொல்லிப் பாருங்கள். செயப்பாட்டு வினை! யாரால் என்ற கேள்வி உடனே எழுகிறதல்லவா? ஆங்கிலச் சொல் கேட்காத கேள்வியைத் தமிழ் கேட்டுவிட்டது! தமிழக அரசின் துறைப் பெயரிலேயே இன்று அந்தச் சொல்தான். 1989இல் 20 விழுக்காடு தனியே ஒதுக்கியபோதும் 'மிகப் பிற்படுத்தப்பட்டோர்' என்றே எழுதினார்கள்.

மனிதருக்குக் கிடைத்த இந்தச் சொல் மண்ணுக்குக் கிடைக்கவில்லையே! 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரியைப் 'பின்தங்கிய மாவட்டம்' என்றே எழுதிப் பழகிவிட்டோம், நாமும்தான்! 2011 கணக்கெடுப்பில் அங்கே எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழகத்திலேயே கடைசி. மறுக்கவில்லை. ஆனால் ஒகேனக்கல்லில் காவிரி இரைந்து விழுகிறது. அதே மாவட்டத்து மக்கள் ஃபுளூரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்தார்கள். பல் பழுப்பேறிற்று, எலும்பு வளைந்தது. ஆட்சிகள் மாறின, அருவி அங்கேயேதான் இருந்தது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2008இல். திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது 2013இல். பென்னாகரத்துத் தாயும் பாலக்கோட்டுப் பிள்ளையுமா அத்தனை ஆண்டும் பின்தங்கி நின்றார்கள்? குடத்தோடு அவர்கள் காத்துக் கிடந்தார்கள், தூங்கியது கோப்பு!

மெய்ப்புத் திருத்தும் தோழரிடம் சொல்லிவிட்டோம். இனி நமது ஏட்டில் தருமபுரிக்கு முன்னால் 'பின்தங்கிய' என்று வந்தால் அடித்துவிட்டுப் 'பிற்படுத்தப்பட்ட' என்று எழுதுவார். யாரால் என்று வாசகர் கேட்டு எழுதட்டும். அந்தக் கடிதத்துக்கும் இடம் உண்டு.